தை பிறந்தால் பகல் நீளும் என்கிறது புத்தகம். மொரீஷியஸில் ஏன் குறைகிறது?

மஹேபூர் டீச்சர் | ஜனவரி 10, இரவு 8:15

அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில், மஹேபூரில், சனிக்கிழமைதோறும் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். எல்லோரும் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் அவர்களுக்கு நான்காவதாக வருகிறது. அதனாலேயே ஒரு வாக்கியம் புரிந்துவிட்டால் லேசில் விடமாட்டார்கள். உண்மையா என்று கிளறிப் பார்ப்பார்கள்.

இந்த வாரம் பொங்கல் பாடம். புத்தகம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது, அன்றிலிருந்து பகல் நீள்கிறது, பனி விலகுகிறது என்று அதில் இருக்கிறது. பனியை இவர்கள் கண்டதே இல்லை. மார்கழியில் இங்கே லெச்சிப் பழமும் புழுக்கமும்தான். கரும்புக்கும் அதே கதை: எங்கள் தீவில் கரும்பு வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடும். பொங்கலுக்கு வாசலில் கட்ட நல்ல கரும்பு தேடித்தான் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அப்பா மீன்பிடிக்கப் போகிறவர். கிறிஸ்துமஸ் வாரத்தில் காலை ஐந்தரைக்குள் சூரியன் கடலிலிருந்து எழுந்துவிட்டதாம். இப்போது இன்னும் பத்து நிமிடம் கழித்துத்தான் வருகிறதாம். "அப்படியானால் பகல் குறைகிறதுதானே, டீச்சர்? புத்தகம் ஏன் நீள்கிறது என்கிறது?" என்றாள். நாம் பூமியின் தென்பாதியில் இருக்கிறோம், இங்கே எல்லாம் மாறி நடக்கும் என்று சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: சூரியன் வடக்கே திரும்புவது ஒன்றுதானே, அது எல்லோருக்கும் பொதுதானே, அதில் எது மாறியது?

அதோடு நிலாவும் சேர்ந்துகொண்டது. நிலாவில் பாட்டி வடை சுடுகிற கதையைச் சொல்லி, படத்தையும் காட்டியிருந்தேன். இரவு மொட்டை மாடியில் பார்த்த பையன் ஒருவன், பாட்டி தலைகீழாகத் தொங்குகிறாள் என்று புகார் கொண்டு வந்திருக்கிறான்.

பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி, ஆனால் பொய் கலக்காமல், யாராவது விளக்க முடியுமா? முடிந்தால் அவர்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்றும் வேண்டும்.


விண்மீன் பித்தன் | ஜனவரி 10, இரவு 9:02

எளிய விளக்கம் இருக்கிறது, டீச்சர். பூமி சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றவில்லை. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஜூலை தொடக்கத்தில் 15 கோடியே 21 லட்சம். உங்களுக்கு ஜனவரியில் கோடை வருவதற்கு அதுதான் காரணம்.


அளவுச்சங்கிலி | ஜனவரி 11, காலை 6:20

தம்பி, எண்கள் இரண்டும் சரி. முடிவுதான் இடிக்கிறது. ஜனவரியில் பூமி முழுவதும்தான் சூரியனுக்கு அருகில் போகிறது. மொரீஷியஸ் மட்டும் தனியாக எட்டிப் பார்க்கவில்லை. அருகில் இருப்பதுதான் கோடைக்குக் காரணம் என்றால் ஜனவரியில் டெல்லியும் வெந்துபோக வேண்டும். அங்கே கம்பளி போர்த்திக்கொள்கிறார்கள். அந்த அரைக் கோடி கிலோமீட்டர் வித்தியாசத்தால் பூமிக்குக் கிடைக்கும் வெயில் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பருவத்தைத் தீர்மானிக்க அது போதாது.

டீச்சருக்கு வணக்கம். நானும் உங்கள் தீவுதான், ரோஸ் ஹில். நில அளவைத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கரும்புத் தோட்டத்து எல்லைகளை அளக்க, செயற்கைக்கோள் கருவிகள் வருவதற்கு முன்பெல்லாம், தியோடலைட் என்கிற கோணம் அளக்கும் கருவியில் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சூரியனைப் பிடித்துத்தான் திசையைக் கணக்கிடுவோம். சூரியன் எந்த நாளில் வானத்தில் எங்கே நிற்கும் என்பதற்கு அச்சிட்ட அட்டவணை உண்டு. அந்த அட்டவணையோடு இருபது முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. சூரியன் வடக்கே திரும்புவது எல்லோருக்கும் பொதுதான். மாறுவது சூரியனின் பயணம் அல்ல, நாம் நிற்கிற இடம்.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு நேராக வரும் இடம் ஆண்டு முழுவதும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 23.4 பாகைக்கும் வடக்கே 23.4 பாகைக்கும் இடையில் போய் வருகிறது. டிசம்பர் 21 வாக்கில் தென்கோடியைத் தொட்டுத் திரும்புகிறது. ஜூன் 21 வாக்கில் வடகோடி. இப்போது ஊர்களை அதில் வையுங்கள். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகை. மஹேபூர் தெற்கே 20.4 பாகை. டிசம்பரில் தென்கோடியிலிருந்து சூரியன் வடக்கே கிளம்பினால் சென்னைக்காரருக்கு அது தம்மை நோக்கி வருகிறது. நமக்கோ, நம் தலைக்கு மேலே கடந்து, நம்மை விட்டுப் போகிறது. வருகிறவருக்குப் பகல் நீள்கிறது. விட்டுவிட்டுப் போன ஊரில் பகல் சுருங்குகிறது. பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்.

எவ்வளவு சுருங்குகிறது என்று கேட்டால்: மொரீஷியஸில் டிசம்பர் 21 பகல் ஏறத்தாழ 13 மணி 20 நிமிடம். ஜூன் 21 பகல் 11 மணிக்குச் சில நிமிடம் குறைவு. சென்னையில் நேர்மாறு: ஜூனில் 12 மணி 50 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். பூமத்திய ரேகைக்கு நாம் கொஞ்சம் கூடுதல் தூரம் என்பதால் நம் ஏற்றத்தாழ்வும் கொஞ்சம் கூடுதல்.

செய்து பார்க்க: ஒரு மீட்டர் குச்சியை, தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். பொங்கலன்று நண்பகலில் அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். மஹேபூரில் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. அதுவும் வடக்கே விழும், ஏனென்றால் சூரியன் அன்று இன்னும் உங்கள் உச்சிக்கு ஒரு பாகை தெற்கேதான் இருக்கும். அதே நாளில் சென்னையில் அதே அளவுக் குச்சியின் நிழல் 68 சென்டிமீட்டர் இருக்கும். ஜனவரி 20ஐ ஒட்டிச் சூரியன் நம் உச்சியைக் கடந்துவிடும். அதற்குப் பிறகு நிழல் பக்கம் மாறித் தெற்கே விழத் தொடங்கும். பிறகு நவம்பர் 22ஐ ஒட்டித் திரும்பி வரும்வரை, பத்து மாதம், நண்பகல் நிழல் தெற்கேதான். ஜூன் 21 அன்று அளந்தால் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்.

ஒரு எச்சரிக்கை. நண்பகல் என்றால் கடிகாரத்தில் 12 அல்ல. பொங்கலன்று மஹேபூரில் அது 12:18. நாம் 60 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தை வைத்திருக்கிறோம், ஆனால் தீவு இருப்பது 57½ பாகையில். 2008 அக்டோபரில் இதற்கும் மேல் ஒரு மணி நேரம் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தார்கள், நினைவிருக்கிறதா? ஒரு கோடையோடு கைவிட்டார்கள். நல்லதாயிற்று.

நிலாவை இன்றிரவு எழுதுகிறேன். கண் வலிக்கிறது.


மஹேபூர் டீச்சர் | ஜனவரி 11, மாலை 5:40

மிக்க நன்றி, ஐயா. இன்று வகுப்பில் இதைச் சொன்னேன். 'விட்டுவிட்டுப் போன ஊர்' என்பது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் ஓயவில்லை. காலையில் சூரியன் தாமதமாக வருகிறது, சரி. ஆனால் மாலையில் சீக்கிரம் மறையவில்லையே என்கிறாள். கிறிஸ்துமஸ் சமயத்தை விட இப்போது மாலையில் விளையாடக் கூடுதல் நேரம் இருக்கிறதாம். நானும் செய்தித்தாளில் பார்த்தேன். மறையும் நேரம் உண்மையாகவே சில நிமிடம் தள்ளித்தான் போயிருக்கிறது. பகல் குறைகிறது என்றால் இரண்டு பக்கமும் அல்லவா குறைய வேண்டும்?


அளவுச்சங்கிலி | ஜனவரி 11, இரவு 9:30

அந்தப் பெண்ணை நில அளவைக்கு அனுப்புங்கள்.

அவள் பார்த்தது முழுக்க உண்மை. மஹேபூருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் 21: உதயம் 5:26, மறைவு மாலை 6:48. பொங்கல்: உதயம் 5:41, மறைவு 6:55. காலையில் பதினைந்து நிமிடம் போயிருக்கிறது, மாலையில் ஏழு நிமிடம் வந்திருக்கிறது. நிகர நஷ்டம் எட்டு நிமிடம். பகல் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் முழுவதும் காலைக் கணக்கில் கழிந்திருக்கிறது. சொல்லப்போனால் நம் தீவில் ஆண்டிலேயே சூரியன் மிகத் தாமதமாக மறைவது ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டித்தான்.

காரணம் நண்பகலே நகர்கிறது. கடிகாரம் எல்லா நாளும் 24 மணி என்று ஒரே சீராக வைத்துக்கொள்கிறது. சூரியன் ஒரு நாள் உச்சிக்கு வந்ததிலிருந்து மறுநாள் உச்சிக்கு வரும்வரை அளந்தால், டிசம்பர் கடைசியில் 24 மணிக்கு மேல் அரை நிமிடம் கூடுதலாக ஆகிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் கொஞ்சம் முன்னே போய்விடுகிறது. அதை ஈடுகட்ட இன்னும் சிறிது திரும்ப வேண்டும். இங்கேதான் நம் விண்மீன் பித்தன் தம்பி சொன்ன தூரக் கணக்கு வேலைக்கு வருகிறது. ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகில் இருப்பதால் வேகமாக ஓடுகிறது, ஈடுகட்ட வேண்டியதும் கூடுகிறது. அச்சின் சாய்வும் அதே சமயத்தில் அதே பக்கம் தள்ளுகிறது. தினம் அரை நிமிடம், இருபது சொச்சம் நாள்: நண்பகல் 12:07இலிருந்து 12:18க்குப் போய்விட்டது. நண்பகல் பதினோரு நிமிடம் தள்ளினால் உதயமும் மறைவும் சேர்ந்து தள்ளும். அதற்குள் பகல் இருபுறமும் நான்கு நான்கு நிமிடம் சுருங்கியிருக்கிறது. பதினொன்றோடு நான்கைக் கூட்டினால் காலைக் கணக்கு, கழித்தால் மாலைக் கணக்கு. சரியாக வருகிறதா பாருங்கள்.

இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கடிகாரம் பொய் சொல்கிறது என்றும் சொல்ல முடியாது, சூரியன் தப்பு செய்கிறது என்றும் சொல்ல முடியாது.

இனி நிலா. நிலாவில் பாட்டி அப்படியேதான் இருக்கிறாள். கட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கால்மாட்டில் நின்று பார்ப்பவருக்கும் தலைமாட்டில் நின்று பார்ப்பவருக்கும் முகம் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் சென்னையும் மஹேபூரும். சென்னையில் நிலா உயரே ஏறும்போது பெரும்பாலும் தெற்கே முகம் வைத்துப் பார்க்கிறார்கள். நாம் வடக்கே முகம் வைத்துப் பார்க்கிறோம். இருவரும் அண்ணாந்து பார்ப்பது ஒரே நிலாவை, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து.

வளர்பிறை அரைநிலாவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மாலையில் அது உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும், சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும், வெளிச்சம் மேற்குப் பக்கம் விழும். வடக்கே பார்த்து நிற்கும் நமக்கு மேற்கு இடது கைப்பக்கம். தெற்கே பார்த்து நிற்பவருக்கு வலது கைப்பக்கம். அதனால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வலப்பாதி வெளுத்த வளர்பிறைப் படம் இருந்தால், நம் பிள்ளைகள் வானத்தில் இடப்பாதி வெளுத்ததைப் பார்ப்பார்கள். படத்தைத் திருப்பிப் பிடித்தால் போதும்.

ஆனால் முழுநிலா கிழக்கே கடலிலிருந்து எழும்போது பாட்டி தலைகீழாக இருக்கமாட்டாள். சென்னையில் தெரிவதற்கும் மஹேபூரில் தெரிவதற்கும் அப்போது சுமார் 33 பாகைச் சாய்வுதான் வித்தியாசம், அதாவது இரண்டு ஊர்களின் அட்சரேகைகளின் கூட்டுத்தொகை. அந்தப் பையனை மாலையில் நிலா எழும்போது ஒருமுறையும் நடு இரவில் ஒருமுறையும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா அனுமதித்தால்.


மயிலைக் கூரைவாசி | ஜனவரி 12, காலை 7:05

சென்னையிலிருந்து இரண்டு திருத்தம், அல்லது ஒட்டுச்சேர்க்கை.

முதலாவது, பொங்கலன்று சூரியன் வடக்கே 'திரும்புகிறது' என்பது இங்கேயும் சரியல்ல. ஐயா சொன்னபடி அது டிசம்பர் 21 வாக்கிலேயே திரும்பிவிட்டது. பொங்கல் வருவதற்குள் இரண்டு பாகை வடக்கே வந்தும் விட்டது. நம் பஞ்சாங்கம் சூரியன் மகர ராசிக்குள் நுழைவதை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. ஆனால் பூமியின் அச்சு மிக மெதுவாகத் தள்ளாடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. அதனால் ராசிக் கணக்கும் பருவக் கணக்கும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. இன்று இருபத்துநான்கு நாள் இடைவெளி. புத்தகம் எழுதுகிறவர்கள் இதைச் சொல்லிவிட்டால் டீச்சருக்குப் பாதி வேலை மிச்சம்.

இரண்டாவது, அந்தப் பெண் கண்டுபிடித்தது இங்கேயும் நடக்கிறது. பொங்கலுக்குப் பகல் ஐந்து நிமிடம் கூடியிருக்கும், உண்மைதான். ஆனால் உதயம் முந்தவில்லை. ஜனவரியின் பிற்பகுதி வரை அது தள்ளிக்கொண்டே போகிறது. கூடியதெல்லாம் மாலையில்தான். விடியற்காலையில் பொங்கல் வைக்க எழுகிறவர்களுக்கு இது தெரியும், பெயர்தான் தெரியாது.

அளவுச்சங்கிலி ஐயா, ஒரு செல்லச் சண்டை: சென்னையில் சூரியன் எப்போதும் தெற்கே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஏப்ரல் 24ஐ ஒட்டி அது எங்கள் உச்சியைக் கடந்து வடக்கே போகிறது, ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்புகிறது. இடையில் நான்கு மாதம் எங்கள் நண்பகல் நிழலும் உங்களைப் போலத் தெற்கேதான் விழும்.


அளவுச்சங்கிலி | ஜனவரி 12, காலை 7:50

ஏற்றுக்கொண்டேன். 'எப்போதும்' என்று நான் எழுதவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.


சாட்ஸ்வொர்த் வாசி | ஜனவரி 12, இரவு 10:10

டர்பனிலிருந்து வணக்கம். எங்கள் ஊர் தெற்கே ஏறத்தாழ 30 பாகை. சூரியன் எங்கள் உச்சிக்கு ஒருநாளும் வருவதில்லை. ஆண்டு முழுவதும் நண்பகலில் வடக்கேதான். அதனால் இங்கே வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, வடக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று. ஜூன் 21 வாக்கில் பகல் 10 மணி 15 நிமிடத்தைத் தாண்டாது. அந்த வெயிலை வீட்டுக்குள் பிடித்தாக வேண்டும்.

கூரை மேல் சூரிய வெந்நீர்க் கருவி பொருத்த வந்த ஒருவர், தமிழ்நாட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு அதைத் தெற்கு நோக்கி வைத்துவிட்டுப் போனார். குளிர்காலம் முழுவதும் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. ஆளை மறுபடி பிடிப்பதற்குள் பருவமே மாறிவிட்டது.

இன்னொன்று வெகுநாளாக மனதில் இருக்கிறது. வடக்கே முகம் வைத்து நின்றால் கிழக்கு என் வலது கைப்பக்கம். சூரியன் வலமிருந்து இடமாகப் போகிறது. கடிகார முள் எதிர்த்திசையில் சுற்றுகிறது. கடிகாரத்தை வடபாதியில் செய்தார்கள், அங்கே சூரியக் கடிகாரத்தின் நிழல் போகிற திசையில் முள்ளை ஓட விட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் கோயிலைச் சுற்றும்போது சென்னையில் மார்கழிச் சூரியனோடு சேர்ந்து சுற்றுகிறார்கள், டர்பனில் நாங்கள் அதே பிரகாரத்தைச் சூரியனுக்கு எதிராகச் சுற்றுகிறோம். இதைக் குருக்களிடம் கேட்டேன். பேசாமல் சுற்று என்றார்.

ஐயாவிடம் கேட்க வந்தது வேறு. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோம். அருந்ததி வடக்கு நட்சத்திரம் ஆயிற்றே, எங்கள் ஊரிலிருந்து அது தெரியவே தெரியாதா?


அளவுச்சங்கிலி | ஜனவரி 13, காலை 6:35

தெரியும், ஆனால் மண்டபத்தில் தெரியாது. எந்த ஊர் மண்டபத்திலும் தெரியாது. பகல் பத்து மணிக்கு மின்விசிறியைக் காட்டித்தானே எல்லாக் கல்யாணமும் நடக்கிறது.

அருந்ததி, சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு நட்சத்திரம். வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டுக்கு, வடக்கே 55 பாகை. கணக்கு எளிது: 90இலிருந்து உங்கள் அட்சரேகையையும் அந்த 55ஐயும் கழியுங்கள். டர்பனுக்கு 5 பாகை மிஞ்சும். கையை நீட்டி மூன்று விரலை அடிவானத்தில் வைத்தால் அவ்வளவு உயரம்தான் அது ஏறும். வடக்கே ஒரு குன்றோ கட்டடமோ இருந்தால் போயிற்று. மொரீஷியஸில் 15 பாகை. தீவின் வடமுனையில், காப் மலேரே பக்கம், கடலைப் பார்த்து நின்றால் சுகமாகப் பார்க்கலாம். மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில், இரவு ஒன்பது மணி வாக்கில் வடக்கே நேராக நிற்கும்.

துருவ நட்சத்திரத்தை மட்டும் மறந்துவிடுங்கள். அது நம் யாருக்கும் இல்லை. அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது. அந்த நஷ்டத்துக்கு ஈடாக அகத்தியர் கிடைத்திருக்கிறார். சென்னையில் அந்த நட்சத்திரம் தெற்கே 24 பாகைதான் ஏறும். மொரீஷியஸில் 57, டர்பனில் 67. இந்த மாதம் இரவில் வெளியே வந்தால் தெற்கே முதலில் கண்ணில் படுவது அதுதான். வானத்து நட்சத்திரங்களில் பிரகாசத்தில் இரண்டாவது.

திருவாதிரையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், டீச்சர். இந்த மாதம் இரவு பத்து மணிக்கு வடக்கே பாருங்கள். மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நிற்கும். தமிழ்நாட்டில் அந்த வரிசைக்கு மேலே இடப்பக்கம் சிவப்பாகத் தெரியும் திருவாதிரை, நமக்கு அதற்குக் கீழே வலப்பக்கம் தெரியும். நிலாவின் அதே கதைதான்.


விண்மீன் பித்தன் | ஜனவரி 13, காலை 9:15

அப்படியானால் குளியலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கும்போது உங்கள் ஊரில் எதிர்ப்பக்கம் சுழலும் என்பதாவது உண்மையா?


அளவுச்சங்கிலி | ஜனவரி 13, காலை 9:40

இல்லை. தொட்டியின் வடிவமும், தண்ணீர் ஏற்கெனவே எந்தப் பக்கம் அசைந்துகொண்டிருந்தது என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பூமியின் சுழற்சி அந்தச் சிறிய இடத்தில், அந்தச் சில நொடிகளில் எதையும் செய்யாது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள புயலில் செய்யும். வங்கக் கடல் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும், எங்கள் புயல் முள்ளின் திசையில் சுழலும். 2024 ஜனவரி 15 அன்று, பொங்கல் நாளாகப் பார்த்து, பெலால் புயல் வந்து போர்ட் லூயி தெருக்களில் கார்களை மிதக்கவிட்டுப் போனது. அதுவும் முள்ளின் திசையில்தான் சுழன்றது.


சென் பியேர் சமையற்கட்டு | ஜனவரி 15, மாலை 4:25

பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். பாண்டிச்சேரியில் பிறந்து, கல்யாணமாகி சென் பியேருக்கு வந்தவள். இந்த இழையைப் படித்துவிட்டு நேற்றுப் பொங்கல் பானையைக் காலையில் இறக்காமல் முற்றத்தில் வெயிலிலேயே வைத்திருந்தேன். மாமியார் என்ன கூத்து என்று கேட்டார்கள். 12:27க்குப் பார்த்தால் பானையின் வயிற்றுக்கு அடியில் மட்டும் நிழல். எந்தப் பக்கமும் ஒரு நூல்கூட வெளியே இல்லை. பக்கத்தில் நட்டு வைத்த கரண்டிக் காம்புக்கு நிழலே இல்லை. ஐயா, எங்கள் ஊருக்கு மட்டும் ஏதாவது விசேஷமா?


அளவுச்சங்கிலி | ஜனவரி 15, மாலை 6:10

உண்டு அம்மா. சென் பியேர் தெற்கே 21 பாகை 20 கலை (ஒரு பாகைக்கு அறுபது கலை). பொங்கலன்று சூரியன் நிற்பதும் ஏறத்தாழ அதே 21 பாகை 20 கலையில். ஒரு கலை இரண்டு கலை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஜனவரி 14 அன்று நண்பகலில் சூரியன் நேராக உங்கள் உச்சியில்தான் இருந்தது. நேரமும் மிகச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் தீவின் வடகரையில் இருக்கும் சென் தெனிக்கு இது இரண்டு மூன்று நாள் கழித்து வரும், மஹேபூருக்கு அதற்கும் பிறகு. பஞ்சாங்கம் எழுபத்து சொச்சம் ஆண்டுக்கு ஒரு நாள் நகர்வதால், உங்கள் கொள்ளுப்பேரன் காலத்தில் பொங்கலன்று பார்த்தால் கரண்டிக்குத் தெற்கே கொஞ்சம் நிழல் விழும்.


மஹேபூர் டீச்சர் | ஜனவரி 18, மாலை 3:50

பிள்ளைகள் அளந்த கணக்கு: பொங்கலன்று மேகம், ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் 12:18க்கு ஒன்றரை சென்டிமீட்டர், வடக்கே. இன்று நண்பகலில் குச்சிக்கு எந்தப் பக்கமும் நிழல் காணவில்லை. மீனவர் மகள் குச்சி சாய்ந்துவிட்டதோ என்று தூக்குக்குண்டை மறுபடி பிடித்துப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை நிழல் தெற்கே வந்திருக்க வேண்டும், எவ்வளவு இருக்கும் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். விடையை இங்கே முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள், ஐயா. அவர்களும் இதைப் படிக்கிறார்கள்.